மணிக் குழுவில் நான் எழுதிய முதல் பதில்

பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். பத்தாவது வரை படித்தவனுக்கு அது நல்ல வேலைதான். பக்கிள், ஜிப், பட்டன், நூல் எல்லாம் என் அறையிலிருந்துதான் தையல் பிரிவுக்குப் போகும். யாராவது வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் பேச்சு கிடையாது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் செருப்பைத் தேடுகிற ஆள் நான்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் இருக்கும். வெளிநாட்டு ஆர்டர் ஒன்றில், கைப்பையின் ஜிப் முனையில் மணி கோத்துத் தொங்கவிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என்னென்ன மணி இருக்கிறது என்று இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு வரும்படி முதலாளி என்னை அனுப்பினார். மெயின் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே பிரவுசிங் சென்டர் இருந்தது. கடைக்காரரின் மனைவிதான் அதைப் பார்த்துக்கொள்வார். அவர்தான் எனக்குக் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொடுத்து, எங்கே எதைத் தட்ட வேண்டும் என்று காட்டினார்.

கண்ணாடி மணி, மர மணி, எலும்பு மணி எல்லாம் வந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு மணியின் படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. அந்த நாளில் படங்கள் அப்படித்தான் வரும். முதலில் நீல விளிம்பு, அப்புறம் ஒரு இலையின் நுனி, அப்புறம் அதன் நரம்புகள். கண்ணாடியும் இல்லை, பெயின்ட் அடித்ததும் இல்லை. பாலிமர் களிமண் என்று போட்டிருந்தது. பேர்தான் களிமண். பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள் அது. கையால் பிசைந்து வேண்டிய உருவம் செய்து ஓவனில் சுட்டால் கெட்டியாகிவிடும்.

ஆர்டருக்குக் கடைசியில் மர மணிதான் வாங்கினார்கள். வேலை அதோடு முடிந்தது. நான் மட்டும் சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் அந்த மாடிக்குப் போக ஆரம்பித்தேன்.

மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் எனக்குப் பிடித்தது. நாற்பத்தைந்து வயது ஆள் மணி பார்த்துக்கொண்டிருப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். யாராவது பக்கத்தில் நடந்தால் படத்தைச் சட்டென்று மூடிவிடுவேன். ஒரு சனிக்கிழமை கடைக்கார அம்மா சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றிருக்கிறார்.

"அண்ணா, இது ஃபேமிலி வர்ற எடம். கண்டதையும் பாத்துகினு இங்க குந்தக்கூடாது."

மூடியதைத் திறந்து காட்டினேன். அவர் கிட்டே குனிந்து பார்த்தார்.

"இன்னாது இது, முட்டாயா?"

"மணிம்மா."

"இதுக்கா இப்டி ஒளிச்சிகினு பாத்தீங்கோ? நான் வேற என்னமோன்னு வூட்டுக்காரராண்ட கூட சொல்லி வெச்சிருக்கேன்."

அன்றிலிருந்து மூலைக் கம்ப்யூட்டர் சனிக்கிழமைகளில் எனக்கென்று ஒதுக்கப்பட்டது. வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் "மணி அண்ணன் வர்ற டைம்" என்று எழுப்பிவிடுவார்.

நான் பார்த்தது மணி செய்கிறவர்கள் கூடிப் பேசும் ஒரு குழு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் தாங்கள் செய்ததைப் படம் பிடித்துப் போடுவார்கள். மற்றவர்கள் அதன் கீழே எழுதுவார்கள். யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. பூ, பறவை, ஊர் என்று ஆளுக்கொரு பெயர். என் இங்கிலீஷுக்கு ஒரு பக்கம் படிக்கவே வெகுநேரம் ஆகும். ஆனால் படம் இருந்ததால் பாதி புரிந்துவிடும். அவர்கள் பேசிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒருத்தியின் மணி வெடித்துவிட்டது என்றால் பத்துப் பேர் ஏன் வெடித்தது என்று யோசிப்பார்கள். ஒருத்திக்கு விரல் மூட்டு வலி, இனிமேல் பிசைய முடியாது என்று எழுதினால், வேறொருத்தி பிசைந்த களிமண்ணையே பார்சல் பண்ணி அனுப்புவாள். முகம் தெரியாதவர்கள் இப்படி இருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன். எழுத மட்டும் மாட்டேன். உறுப்பினராகச் சேராமலேயே படிக்கலாம், அது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த நீல இலையைச் செய்தவர் அந்தக் குழுவில் எல்லோரும் மதிக்கும் ஆள். ஜன்னல் வரை பனி விழும் ஏதோ ஒரு ஊர்க்காரர். அவருடைய மணிகளில் இருந்த இலை வரைந்தது அல்ல. வெண்டைக்காயை எங்கே நறுக்கினாலும் வெட்டிய இடத்தில் அதே பூ தெரியும் அல்லவா, அதே கதைதான். பல நிறக் களிமண்ணை அடுக்கிச் சேர்த்துத் தடியான ஒரு உருளை செய்வார்கள். அதைச் சுற்றிலும் அமுக்கி அமுக்கி நீளமாக்கினால், உள்ளே இருக்கும் படமும் கூடவே சிறுத்துக்கொண்டே போகும். பிறகு பிளேடால் வில்லை வில்லையாகச் சீவினால் ஒவ்வொரு வில்லையிலும் ஒரு இலை. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. அமுக்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் இலை கோணிப் போகும் என்று அவர்களே புலம்புவார்கள்.

அடுத்த வருஷம் அந்தக் குழுவில் புதிதாக ஒரு அம்மா வந்தார். சென்னைக்குத் தெற்கே இருப்பதாக மட்டும் சொல்லியிருந்தார். காலையில் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே சுற்றும் சத்தத்தில்தான் மணி உருட்டுகிறேன் என்று ஒருமுறை எழுதினார். விமானப்படைத் தளம் இருக்கும் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் போனால் அரை மணி நேரம். ஆனால் அதை யாரிடம் சொல்வது?

அவர் போட்ட படங்களைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கும். மணிக்குத் துளை போட்டு ஈர்க்கில் கோத்து வைத்திருப்பார். இவ்வளவு மெல்லிய குச்சி எந்தக் கடையில் கிடைக்கும் என்று வெளிநாட்டுக்காரர்கள் கேட்பார்கள். துடைப்பத்திலிருந்து உருவினேன் என்று பதில் எழுதுவார். முறுக்கு அச்சில் களிமண்ணைப் பிழிந்து நூல் நூலாக எடுத்ததைப் போட்டபோது, அந்த இயந்திரத்தின் பெயர் என்ன என்று ஒருவர் கேட்டார். அவர்கள் ஊர்க் குளிரில் களிமண் கல் மாதிரி இறுகிப்போய்ப் பிசையவே வராதாம். இங்கே மே மாதத்தில் அது பெட்டிக்குள்ளேயே குழைந்து கிடக்கும். இவர் ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் வெயில் ஏறுவதற்குள் சீவி முடிப்பார்.

மின்வெட்டு ஆரம்பித்த மாதங்கள் அவை. ஒருநாள் ஓவனில் மணி இருக்கும்போதே கரன்ட் போய்விட்டது. பாதி வெந்த மணிகள் எடுக்கும்போதே உடைந்தன. தூக்கிப் போடாதீர்கள், மீதி இருப்பதைக் கரன்ட் வந்ததும் மறுபடி சுடுங்கள், ஒன்றும் ஆகாது என்று எங்கிருந்தோ ஒருவர் எழுதினார். அப்படியே சரியாக வந்தது. அன்றைக்கு அவர் நன்றி சொல்லி எழுதியதைப் படித்தபோது, இவருக்குப் பேச்சுத்துணை இந்தக் குழுதான் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வாரத்தில் ஏழு நாளும் எழுதுவார். சந்தேகம் கேட்பார், புதிதாக வந்தவர்களின் சுமாரான மணிகளுக்குக் கூட ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார்.

அப்புறம் அந்த இலை விவகாரம் வந்தது.

ஒரு வாரம் அவர் ஒரு மாலையின் படம் போட்டார். நீல மணிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை நரம்பு ஓடும் இலை, ஓரத்தில் மஞ்சள் கோடு. இது என் புது இலை என்று மட்டும் எழுதியிருந்தார். முதலில் எல்லோரும் ஆகா என்றார்கள். பிறகு ஒருவர், இது இன்னாருடைய இலை ஆயிற்றே, அவர் பெயர் எங்கே என்று கேட்டார். அது அந்தப் பனி ஊர்க்காரரின் இலைதான். எனக்கும் பார்த்தவுடனே தெரிந்தது. அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. இன்னொருவர் யோசித்த படத்தைச் செய்தால் அவர் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அது திருட்டு. இவர் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது கீழே பக்கம் பக்கமாகக் கோபம். போன வாரம் ஆகா என்றவர்களே கூட அதில் இருந்தார்கள். குழுவை நடத்துகிறவர், ஒரு வாரத்துக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே இவர் ஒரே வரி எழுதியிருந்தார். மன்னித்துவிடுங்கள், என் படங்களை எல்லாம் எடுத்துவிட்டு நானே போய்விடுகிறேன்.

அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இவர் போய்விடக் கூடாது என்று இருந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை வெளியூர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு கேட்பது போலவும், அதை நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவது போலவும் இருந்தது. எழுந்து கடைக்கார அம்மாவிடம் போனேன்.

"இன்னாண்ணா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு எலைக்கா இம்மாம் பேஜார் பண்றாங்கோ? சரி, நீங்க இன்னா பண்ணப் போறீங்கோ?"

"எழுதணும். இங்கிலீஷ்ல. எனக்கு வராது."

"சொல்லுங்கோ. நான் அடிக்கிறேன்."

சேருவதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றது கம்ப்யூட்டர். நான் விழித்தேன். கம்பெனியில இன்னா வேலை என்று கேட்டு, அவரே பக்கிள் என்று போட்டுவிட்டார். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ள, நான் தமிழில் சொன்னேன், அவர் இங்கிலீஷில் அடித்தார். எங்கள் ஊரில் பெண்கள் தினமும் காலையில் வாசலில் மாவால் கோலம் போடுவார்கள். இன்றைக்கு ஒரு வீட்டில் போட்டதைப் பார்த்து நாளைக்கு அடுத்த வீட்டில் போடுவார்கள். யார் கோலம் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் போட்டவருக்கு அதில் சந்தோஷம்தான். இந்த அம்மாவும் அப்படி நினைத்துத்தான் செய்திருப்பார். உங்கள் வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்காது. தயவுசெய்து அவரை அனுப்பிவிடாதீர்கள்.

அனுப்பும் பொத்தானை அழுத்த எனக்குக் கை வரவில்லை. அதையும் அவரே அழுத்தினார். படியிறங்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது. கோலம் என்பது சரியான உதாரணம் என்று நினைத்தேன். பஸ்ஸில் வீடு வரை அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அடுத்த சனி வரை பொறுக்க முடியாமல் செவ்வாய்க்கிழமையே போனேன். என் பதிலுக்குக் கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். சிலர் கோலத்தின் படம் கேட்டிருந்தார்கள். ஒருவர், அழகான வழக்கம்தான், ஆனாலும் பெயர் சொல்லாதது தப்புதான் என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே, சேலையூர் அம்மாவின் பதில்.

நீளமாக, தப்பில்லாத இங்கிலீஷில் இருந்தது. கடைக்கார அம்மாவை அழைத்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். அதில் இருந்தது கிட்டத்தட்ட இதுதான்.

"திரு. பக்கிள் அவர்களுக்கு நன்றி. முன்பின் தெரியாத எனக்காகப் பேசியிருக்கிறார். ஆனால் ஒரு திருத்தம். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் கோலம் போடுவதில்லை, எனக்குப் போடவும் தெரியாது. நான் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வகுப்பில் சுவரில் ஒரு மாதிரித் துணி தொங்கும். அதை அச்சு மாறாமல் தைக்கிற பிள்ளைக்குத்தான் மார்க் அதிகம். இந்த இலையை அப்படித்தான் செய்தேன். பல மாதம் தப்பாக வந்து, கடைசியில் சரியாக வந்தது. வகுப்பில் டீச்சர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், தனியாக எழுத வேண்டியதில்லை. இங்கேயும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது. என் ஊருடையது இல்லை."

கடைக்கார அம்மா படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டார்.

"ஊருக்கே வக்காலத்து வாங்கிட்டீங்கோண்ணா. அவங்கோ வூட்ல கோலமே கெடையாதாம்."

ஓவன் என்று சேலையூர் அம்மா எத்தனையோ தடவை எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் சாதாரண வீடுகளில் அந்தக் காலத்தில் ஓவன் எங்கே இருந்தது? கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்கிறவர்கள் வீட்டில்தான் இருக்கும். அது கூட எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெண், நம் ஊர், வாசல், கோலம் என்று நானாகவே முடிவு செய்து, உலகம் முழுவதும் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டேன்.

வெட்கத்தில் அந்தச் சனிக்கிழமை போகவில்லை. ஆனால் அந்த ஒரு வாரக் கெடு முடியும் நாளும் அதுதான். என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை இருப்புக்கொள்ளவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததும், "வந்துச்சு, வந்துச்சு, நான் பாத்துட்டேன்" என்றார்.

அதுவரை வாயே திறக்காத பனி ஊர்க்காரர் எழுதியிருந்தார். நாலே வரி. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நரம்பு நன்றாக வந்திருக்கிறது. நுனி நசுங்கியிருக்கிறது, கடைசியில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். டீச்சராக நான் போடும் மார்க் நூற்றுக்கு எழுபது. கீழே என் பெயரை எழுதிவிட்டு, நுனியைச் சரிசெய்து மறுபடி கொண்டு வாருங்கள்.

அதன் கீழே சேலையூர் அம்மா, சரி டீச்சர் என்று எழுதியிருந்தார். குழுவை நடத்துகிறவர், விஷயம் முடிந்தது என்று எழுதிப் பேச்சை மூடிவிட்டார். திட்டியவர்களில் இரண்டு மூன்று பேர் வருத்தம் தெரிவித்திருந்தார்கள், மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். அவர் போகவில்லை. எனக்கு அது போதும். அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போக மறந்து வெறும் பையோடு வீடு திரும்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மாவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு தகவல் வந்திருந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார். நீங்கள் எந்த ஊர், தாம்பரம் பக்கம் என்றால் ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள், மனைவியையும் அழைத்து வாருங்கள் என்று இருந்தது. நான் தனியாகப் போயிருக்கவே மாட்டேன். என் மனைவியிடம் முழுக்கதையையும் அப்போதுதான் சொன்னேன். சனிக்கிழமை ஓவர்டைம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மணி பாக்கவா போனீங்க? அதைச் சொல்றதுக்கு என்ன?" என்றாள். சற்று நேரம் கழித்து, "வேற எதாவதுன்னா கூட ஒத்துக்குவேன், இதை யார்கிட்ட சொன்னா நம்புவாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் போனோம். சர்ச்சுக்குப் போய்வந்த புடவையோடே இருந்தார். படத்தில் பார்த்த மணிகளை வைத்து, நல்ல உயரமான, கம்பீரமான ஒருவராக நான் நினைத்திருந்தேன். இவர் குள்ளமாக, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே எதையாவது தேடுகிறவராக இருந்தார். பின்பக்க வராந்தாவில் மேஜை. பூரிக்கட்டை, பிளேடு, முறுக்கு அச்சு எல்லாம் அதில் கிடந்தன. ஓவன் தனியாக ஒரு ஸ்டூலில் இருந்தது. மணி சுட்ட ஓவனில் சாப்பாட்டுப் பொருள் செய்யக்கூடாதாம். அவர் வீட்டுக்காரர் உள்ளேயிருந்தே, இதனால் ரெண்டு வருஷமாக் கிறிஸ்துமஸ் கேக்கை பேக்கரியில வாங்குற நிலைமை என்று எங்களிடம் முறையிட்டார். டீச்சர் ஒரு டப்பாவைத் திறந்து, எழுபது மார்க் மாலையை என் மனைவியின் கையில் கொடுத்தார்.

நான் அந்த மணிகளை முதல் முறையாக நேரில் பார்த்தேன். கம்ப்யூட்டரில் தெரிந்ததைவிடச் சின்னவை, நிறம் இன்னும் அடர்த்தி. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, கையின் சூட்டோடு ஒட்டிக்கொண்டது. இலையின் நுனி கொஞ்சம் நசுங்கித்தான் இருந்தது. பனி ஊர்க்காரர் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. சொன்ன பிறகு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

"இது வேண்டாம், இது ஃபெயில் ஆகாம தப்பிச்சது. அடுத்தது வரட்டும், உங்களுக்குத் தர்றேன்" என்று மனைவியிடம் சொல்லி மாலையைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், ஒண்ணு கேக்கணும். நீங்க ஒரு வார்த்தை கூட அதுக்கு முன்னாடி எழுதுனதில்ல. என்னைத் தெரியவும் தெரியாது. எதுக்கு எழுதுனீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்று நகர இடமில்லை.

"நீங்க போயிட்டா சனிக்கிழமை பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க டீச்சர்" என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அதையே எழுதியிருக்கலாமே சார்" என்றார். "கோலம் எல்லாம் எதுக்கு?"

பிறகு, மூன்று மணிக்குக் கரன்ட் போய்விடும், அதற்குள் சுட்டு எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து புது உருளையை எடுத்துவந்து சீவ உட்கார்ந்தார். நானும் என் மனைவியும் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம்.